கம்பு வீடு வந்த கதை

இந்திய ஆயுதச் சட்டம் 1959இல் நிறைவேறியபோது, எதெல்லாம் ஆயுதம் என்று விளக்கும் பிரிவிலேயே ஒரு விலக்கையும் எழுதி வைத்தார்கள். வீட்டு வேலைக்கோ வயல் வேலைக்கோ மட்டுமே ஆன பொருள்கள் ஆயுதக் கணக்கில் வராது. எடுத்துக்காட்டு: லத்தி, சாதாரணக் கைத்தடி. வாளுக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் கேட்ட அரசு, கம்பைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்துவிட்டது. சட்டம் எழுதியவர்கள் அந்தக் கம்பை ஒரு நல்ல சிலம்ப வாத்தியார் கையில் கொடுத்துப் பார்த்திருந்தால் அந்த வரியை இன்னொரு முறை யோசித்திருப்பார்கள்.

இன்று தென்சென்னையில் கம்பு உண்மையிலேயே வீட்டுச் சாமானாகிவிட்டது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் மாலை நேரத்துப் பள்ளிக்கூட அரங்கிலோ, விடிகாலைப் பூங்காவிலோ, அடுக்குமாடி மொட்டைமாடியிலோ ஒரு தற்காப்பு வகுப்பு நடக்கிறது. கராத்தே, சிலம்பம், களரி என்று பெயர்தான் மாறும். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அம்மா தானும் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவும் வருகிறார். இதைத் தமிழரின் தொன்றுதொட்ட வழக்கம் என்று விளம்பரப் பலகைகள் எழுதுகின்றன. கலை பழையதுதான். ஆனால் தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று கற்பது பழையதல்ல. இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்த ஊரில் அப்படி ஒரு காட்சியை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

வரிசையில் நிற்பதற்கே ஒரு வரலாறு உண்டு. அதன் முதல் அத்தியாயம் அடையாற்றங்கரையில் நடந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்துக்கொண்டார்கள். அதை மீட்க ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். பத்தாயிரம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், அந்தப் படை மணல்கரையில் நின்றது. எதிரே பாரடி என்ற பொறியாளரின் தலைமையில் பிரெஞ்சு வீரர்களும் அவர்கள் பழக்கிய இந்தியச் சிப்பாய்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். வரிசை கலையாமல் ஆற்றைக் கடந்தார்கள், வரிசையாகச் சுட்டார்கள், நவாபின் படை சிதறி ஓடியது. குதிரை வீரனின் தனித் திறமையும் வாள்வீச்சும், ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் அசையும் சாதாரண மனிதர்களின் முன்னால் எடுபடாமல் போயின. ஆங்கிலேயர் பாடம் கற்றுக்கொண்டு இரண்டே ஆண்டுகளில் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸைக் கொண்டு மதராஸ் படையைக் கட்டத் தொடங்கினார்கள். இன்று அதே ஆற்றின் தென்கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை முன்னால் குத்தும்போது, அந்த வரிசை ஜப்பானைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கதை பின்னால் வரும்.

சண்டைக்கலைகளுக்கு அடுத்த அடி தெற்கில் விழுந்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி 1790களில் மதுரைச் சீமையில் இருந்தார். ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைதடி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதுகிறார். 1801இல் அதே மருதுவை வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார். அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில், மதராஸ் ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன், பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். வளரி கைகளிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போனது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதை அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். 1878இன் ஆயுதச் சட்டம் மிச்சத்தையும் வாரிக்கொண்டது.

கம்பு மட்டும் தப்பியது. மாடு ஓட்டுகிறவன், இரவில் நடக்கிறவன், சுமை தூக்குகிறவன் என்று எல்லார் கையிலும் இருப்பதை எந்தப் போலீஸ் பறிமுதல் செய்யும்? சிலம்பத்தில் வாளும் சுருள்வாளும் மான்கொம்பும் உண்டு என்றாலும் எல்லாரும் அறிந்த முகமாகக் கம்பு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டணத்தில் அது வாழ்ந்த இடங்கள் மூன்று: தெரு, தாலீம், ஊர்வலம். தாலீம் என்பது குஸ்திக்கும் கர்லாக்கட்டைக்கும் உரிய மண்தரைக் கூடம். பெயரே உருது. முஸ்லிம் உஸ்தாதுகளிடம் இந்துப் பிள்ளைகளும், இந்து வாத்தியார்களிடம் முஸ்லிம் பிள்ளைகளும் பழகுவது சாதாரணம். முகரம் ஊர்வலத்திலும், ஆடி மாதத்து அம்மன் ஊர்வலத்திலும், சாவு எடுக்கும்போது பறைமேளத்துக்கு முன்னாலும் கம்பு சுற்றினார்கள். மாதக் கட்டணம் கிடையாது. விஜயதசமிக்கு வெற்றிலை பாக்கு, தேங்காய், வேட்டி வைத்து விழுந்து கும்பிட்டால் போதும். பதிலுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். கம்பைத் தொடுவதற்கு முன்னால் காலடிதான், காலடிக்குப் பிறகும் காலடிதான். ஒரு வாத்தியார், ஒரு பையன், இன்று ஒரு அடி. கடைசி அடியை எந்த ஆசானும் சொல்லித் தரமாட்டார் என்று சிலம்பக்காரர்கள் பாதி வேடிக்கையாகவும் பாதி பெருமையாகவும் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் குடும்பத்துக்கு இடம் உண்டா? உண்டு, அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்ற அளவில். பெண்கள் திண்ணையிலிருந்து பார்த்தார்கள். மாட வீதி வக்கீல் வீடுகளுக்கோ கம்பு சுற்றுவது கூலிக்காரர்களும் ரவுடிகளும் செய்யும் காரியம். சாதி அந்த ஒதுக்கத்தில் பெரும்பங்கு வகித்தது என்பதை மழுப்ப வேண்டியதில்லை. மயிலாப்பூர் பையன் படித்தான், நோஞ்சானாக இருந்தான், அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட்ட முதல் பெரிய மனிதர் வெளியூர்க்காரர். 1897 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பி மதராஸில் தங்கிய விவேகானந்தர், இங்குள்ள இளைஞர்களைப் பார்த்துக் கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு இன்னும் பக்கத்தில் போகலாம் என்ற பொருளில் பேசினார். கேட்டவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கீதை படித்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் உடற்பயிற்சிக்கு இந்த நகரில் உருப்படியான நிறுவனம் அமைய இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அன்னி பெசன்ட் 1910களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்தியச் சாரணர் சங்கம், ஆங்கிலேயச் சாரணர் இயக்கம் சேர்க்கத் தயங்கிய இந்தியப் பையன்களுக்குத் தலைப்பாகை கட்டி அணிவகுக்கக் கற்றுக்கொடுத்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அந்த வகையில் முதலாவது என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம்தான் இன்று நந்தனத்தில் பரந்த மைதானத்தோடு இருக்கும் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் இதே பக். அவர் பயிற்றுவித்த ஆசிரியர்கள் வழியாகத் தென்னிந்தியப் பள்ளிகளுக்கு விசில், வரிசை, 'ஒன் டூ த்ரீ' வந்தது. படிப்புக்கு நடுவே உடம்பை அசைப்பது அவமானமல்ல என்ற எண்ணமும் கூடவே வந்தது.

பெண்களின் கதை வேறு தடத்தில் ஓடியது. வேலு நாச்சியார் 1730இல் ராமநாதபுரம் சேதுபதி வீட்டில் பிறந்தார். ஆண் வாரிசு இல்லாத அந்த வீட்டில் வாளும் சிலம்பமும் வளரியும் கற்று வளர்ந்தார் என்பது மரபு. பெற்றோரே ஆயுதப் பயிற்சி கொடுத்து வளர்த்த பெண் என்று நமக்குத் தெரிந்த பெரிய பெயர் அவர்தான். அரண்மனைக்கு வெளியே இருந்த வீடுகளில் அப்படி நடந்ததாகச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் சரளாதேவி சௌதுராணி தன் வீட்டிலேயே இளைஞர்களுக்குக் கம்பும் வாளும் பழக்க ஆள் வைத்தார். 1929இல் தாகூர் ஜப்பானிலிருந்து தகாகாகி என்ற ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார், அங்கே மாணவிகளும் கற்றார்கள். லண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு எடித் கேரட் என்ற குள்ளமான பெண்மணி ஜுஜுட்சு கற்றுக்கொடுத்து, போலீஸ்காரர்களைத் தரையில் புரட்டும் அளவுக்கு அவர்களைப் பழக்கியது 1913ஐ ஒட்டி. மதராஸில் அந்தத் துணிச்சல் முதலில் வெள்ளித்திரைக்குத்தான் வந்தது. 1937இல் வெளியான 'மின்னல் கொடி'யில் கே.டி. ருக்மணி கொள்ளைத் தலைவியாகச் சண்டை போட்டார். பம்பாயின் நாடியா 'ஹண்டர்வாலி'யில் சாட்டை சுழற்றிய இரண்டாம் ஆண்டு அது.

நிஜத் துப்பாக்கி எடுத்த மதராஸ்காரி 1943இல் சிங்கப்பூரில் கிடைத்தார். 1914இல் இங்கே பிறந்து, கடற்கரையோரத்து ராணி மேரி கல்லூரியிலும் பிறகு மருத்துவக் கல்லூரியிலும் படித்த டாக்டர் லட்சுமிதான் ஜான்சி ராணிப் படையின் தலைவர். அவருடைய தாய் அம்மு சுவாமிநாதன், 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவர். அந்தப் படையில் சேர்ந்து துப்பாக்கி பழகியவர்களில் பெரும்பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். பால்மரம் சீவிய கைகள். மயிலாப்பூரின் படித்த குடும்பங்களில் இந்தச் செய்தி பெருமையோடு பேசப்பட்டதே தவிர, எந்தத் தகப்பனும் அதைக் கேட்டுவிட்டு மகளைப் பயிற்சிக்கு அனுப்பிவிடவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சிலம்பத்துக்குக் கிடைத்த பெரிய விளம்பரதாரர் தி.நகர் ஆற்காடு தெருவில் அலுவலகம் வைத்திருந்தார். எம்.ஜி.ஆர். கம்பெடுக்காத ரசிகர் மனம் ஏது? 'பெரிய இடத்துப் பெண்' (1963) படத்தில் கம்புச் சண்டை கதையின் முடிச்சாகவே வருகிறது. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுற்றினார், அந்த ஆண்டின் சிறந்த நடிகர் தேசிய விருதும் அந்தப் படத்துக்காகவே கிடைத்தது. 'உழைக்கும் கரங்கள்' (1976) படத்தில் மான்கொம்பு. வாடகைக் கம்போடு நிற்கும் கதாநாயகரல்ல, பழகிய கை என்பது பார்த்தால் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படங்களில் அவர் கம்பெடுப்பது அம்மாவுக்காக, தங்கைக்காக, காதலிக்காக. அவர்கள் ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். வீட்டில் ஒருவன் பலசாலியாக இருந்தால் மற்றவர்களுக்குக் கவலையில்லை என்பதுதான் அன்றைய தற்காப்புக் கொள்கை. தியேட்டரைவிட்டு வெளியே வந்த பையன் கம்பைத் தேடினான். தங்கை தேடவில்லை, தேடியிருந்தாலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது ஒகினாவாவிலிருந்து வந்த ஒரு பள்ளிப் பாடத்திட்டம்.

கராத்தேவைப் பழங்காலத்துத் துறவிகளின் ரகசியமாகச் சித்தரிப்பது சினிமாவுக்கு வசதி. நமக்குத் தெரிந்த கராத்தே வகுப்பு சுமார் 120 ஆண்டு வயதுடையது. 1901ஐ ஒட்டி இதோசு அன்கோ என்ற ஒகினாவா ஆசிரியர், அதுவரை இருட்டில் ஒருவருக்கு ஒருவர் கற்பித்த கலையைத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டு போனார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'பினான்' என்ற ஐந்து எளிய தொடர்களை அமைத்தார். ஜப்பான் அப்போது ஐரோப்பியப் படைப் பயிற்சியைத் தன் பள்ளிகளுக்குள் புகுத்திக்கொண்டிருந்தது. கராத்தேவும் அந்த அச்சில் வார்க்கப்பட்டது: வரிசை, எண்ணிக்கை, ஒரே குரல். 1922இல் ஃபுனாகோஷி என்ற ஆசிரியர் அதைத் தோக்கியோவுக்குக் கொண்டு சென்றார். ஜூடோவைத் தோற்றுவித்த கானோவிடமிருந்து வெள்ளைச் சீருடையும் கறுப்பு பெல்ட்டும் வந்தன. நடுவிலுள்ள வண்ண பெல்ட்டுகள் ஐரோப்பிய ஜூடோ சங்கங்களின் கைங்கரியம். மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்கு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

1973இல் வெளியான 'என்டர் தி டிராகன்' உலகம் முழுதும் கிளப்பிய அலை இங்கேயும் அடித்தது. 1983இல் ரஜினிகாந்த் 'பாயும் புலி'யில் ஷாலின் படமொன்றின் கதையைத் தமிழில் நடித்துக் காட்டினார். நகரின் பள்ளிகளில் மாலை வகுப்புகள் முளைத்தன. 'இது நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர் கொண்டுபோனது சார்' என்று மாஸ்டர்கள் பெற்றோர்களைச் சமாதானப்படுத்தினார்கள். 2011இல் '7ஆம் அறிவு' வந்தபிறகு அதை யாராலும் மறுக்க முடியாமல் போயிற்று. போதிதர்மரைச் சண்டைக்கலையோடு இணைக்கும் சீன நூல் 1624ஐச் சேர்ந்தது, அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டு பிந்தியது. வரலாற்றாசிரியர்கள் அந்தத் தொடர்பை ஏற்பதில்லை. பிள்ளையைக் கராத்தேக்கு அனுப்பத் தயங்கிய ஒரு தாத்தாவைச் சம்மதிக்க வைத்திருந்தால், அந்தக் கட்டுக்கதை தன் கூலிக்கு வேலை செய்துவிட்டது.

இந்த வகுப்புதான் குடும்பத்துக்குக் கதவைத் திறந்தது. எப்படி என்பது யோசித்தால் புரியும். தாலீமில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் வாத்தியாரின் நேரத்தில் ஒரு பங்கு போய்விடும். வரிசையில் ஒருவர் கூடினால் யாருக்கும் நட்டமில்லை. ஒரே குத்தை ஆறு வயதுப் பையனும் நாற்பது வயது அம்மாவும் அவரவர் அளவுக்கு ஏற்பக் குத்தலாம். மாலை ஆறு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு, தி.நகர் நெரிசலில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாமல், பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்த்த பெற்றோர்களில் ஒரு சிலர் எழுந்து நின்றார்கள். மாஸ்டர்களுக்கும் அது லாபம்தான். வீட்டில் இரண்டாவது ஆளுக்குக் கட்டணத்தில் சலுகை என்று அறிவித்தார்கள்.

எழுந்து நின்றவர்களுக்கு முதல் அதிர்ச்சி பெல்ட்டில். டோஜோ என்னும் கராத்தே கூடத்தில் மூப்பு வயதால் அல்ல, பெல்ட்டால். இரண்டு வருடமாகப் பழகும் மகள் பச்சை பெல்ட்டோடு முன்வரிசையில் நிற்பாள். நேற்றுச் சேர்ந்த அப்பா வெள்ளை பெல்ட்டோடு கடைசியில். 'அப்பா, முழங்காலை மடக்குப்பா' என்று அவள் திருத்தினால் அவர் மடக்கியாக வேண்டும். கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர் என்பது இங்கே செல்லாது. அவர் திணறும் அந்தத் தொடரோ ஒகினாவாவின் பள்ளிச் சிறுவர்களுக்காக உண்டாக்கியது.

இரண்டாவது அதிர்ச்சி அம்மாக்களுக்கு. குத்தும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். குத்துவதைவிட இது கடினம். பெண்பிள்ளை குரல் வாசல் தாண்டக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவருக்கு, நாலு பேர் முன்னால் வாய்விட்டுக் கத்துவது எளிதில் வருவதில்லை. முதல் சில வாரங்கள் சிரிப்புதான் வரும். மூன்றாவது, பெற்றோரை அடிப்பது. பிள்ளை தவறிக் காலால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகள் இவை. அங்கே அப்பா ஒரு மெத்தைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் வேகமா உதை' என்கிறார். மறுநாள் உடம்புவலிக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு லஸ்ஸில் ஒரு பொருத்தம் உண்டு. அங்குள்ள நாகேஸ்வரராவ் பூங்கா யார் பெயரைத் தாங்கியதோ, அவர்தான் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கி 1914இல் மதராஸுக்குக் கொண்டுவந்தவர்.

கராத்தே வகுப்புகள் முளைத்த அதே காலத்தில் பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் வேறொரு கதவும் திறந்தது. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்று 1952இல் அரங்கேறிய சந்திரலேகா, பல ஆண்டு ஒதுங்கியிருந்துவிட்டு, 1985இல் 'அங்கிகா' என்ற படைப்போடு வந்தார். பரதக் கலைஞர்களும் களரிப்பயட்டு வீரர்களும் ஒரே மேடையில். அரைமண்டியும் களரியின் தாழ்ந்த நிலையும் ஒரே உடம்பின் இரண்டு முகங்கள் என்று பார்த்தவர்களை நம்ப வைத்தார். பிறகு அவருடைய நடனக்காரிகளும் களரி பழகினார்கள். ஊரின் சபா உலகம் முகம் சுளித்தது, கொஞ்ச நாளில் பழகிக்கொண்டது. 2006 டிசம்பரில் அவர் மறைந்தார். நடனம் கற்கும் பெண்பிள்ளைகள் களரியும் கற்பது தென்சென்னையில் இன்று யாருக்கும் விசித்திரமாகத் தெரியாததற்கு அந்தக் கடற்கரை வீட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அச்சமும் ஆள் சேர்த்தது. 1998இல் நகரின் நடுவில் ஒரு கல்லூரி மாணவி கேலி செய்யப்பட்டுக் கீழே தள்ளப்பட்டு இறந்தார். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு பெண்களைச் சீண்டுவதைத் தண்டிக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, மகளை மட்டும் அனுப்பினால் போதாது, நாமும் போகலாம் என்று நினைத்த குடும்பங்கள் கூடின. காவல்துறையும் மாறிக்கொண்டிருந்தது. 1973இல் ஒரு கையளவு பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய தமிழ்நாட்டு மகளிர் காவல், 1992இல் ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைக் கண்டது. 2023 மார்ச்சில் அதன் பொன்விழாவின்போது, மாணவிகளுக்குத் தற்காப்பு கற்பிக்கும் 'அவள்' திட்டம் தொடங்கியது.

ஆனால் அச்சம் காட்டும் திசை பல நேரம் தவறு. விளம்பரப் படங்களில் எப்போதும் ஒரு இருட்டுச் சந்து, ஒரு முகமில்லாத ஆள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கோ ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கிறது: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வு இதைக் கணக்கில் எடுத்தது. 12 மணி நேரப் பயிற்சியில் உதையும் குத்தும் ஒரு பகுதி மட்டும். தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பதும், நாகரிகம் கருதி வாய் மூடாமலிருப்பதும் மீதி. ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 9.8 விழுக்காடு, பெற்றவர்களில் 5.2. பிள்ளை 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்வதை அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்பதில், வீட்டுக்கு வந்துபோகும் மாமாவைப் பற்றி அது நாளைக்குச் சொன்னால் நம்புவோம் என்ற உறுதிமொழியும் சேர்ந்திருக்கிறது. குடும்ப வகுப்பின் உண்மையான பயன் உதையைவிட இதில்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

கராத்தே போட்டுக் கொடுத்த பாதையில் கம்பு திரும்பி வந்தது. 2020களின் தொடக்கத்தில், அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டானது. அந்தப் போட்டிகளின் சின்னம் வேலு நாச்சியார். வேலையும் மதிப்பெண்ணும் சான்றிதழும் கிடைக்கும் என்றதும், மூன்று தலைமுறையாகக் கம்பை ரவுடித்தனம் என்று ஒதுக்கிய தெருக்களிலிருந்தே பிள்ளைகள் வந்தார்கள். கற்பிக்கும் முறையும் மாறிவிட்டது. இன்றைய சிலம்ப வகுப்பில் சீருடை உண்டு, படிநிலைத் தேர்வு உண்டு, சில இடங்களில் வண்ண பெல்ட்டும் உண்டு. பழைய வாத்தியார்கள் இதைக் கண்டு நொந்துகொள்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நின்று சுற்றினால் அழகு வரும், எதிராளியின் கம்பைப் படிக்கும் கண் வராது. ஆனால் பழைய முறை அப்படியே இருந்திருந்தால் பெண்கள் இன்னும் திண்ணையில்தான் இருந்திருப்பார்கள்.

இடம்தான் இப்போதைய சிக்கல். சிலம்பக் கம்பு சுற்றுகிறவரின் நெற்றியளவு உயரம், சுற்றினால் நாலா பக்கமும் ஆளுயரத்துக்கு வெற்றிடம் கேட்கும். முற்றமும் கொல்லையும் இருந்த மயிலாப்பூர் வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. மின்விசிறி தொங்கும் வரவேற்பறையில் கம்பெடுத்தால் சேதம் யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மொட்டைமாடியும் எலியட்ஸ் கடற்கரையும் பூங்காவின் மூலையும்.

எந்த வகுப்பிலும் பெரும்பாலும் சொல்லித் தராத பாடம் ஒன்று மிச்சமிருக்கிறது, சட்டம். மெக்காலே 1837இல் தந்த தண்டனைச் சட்ட வரைவில், இந்த மக்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் துணிவைத் தூண்டிவிடவே விரும்புவதாகக் குறிப்பெழுதி, தற்காப்பு உரிமையைத் தாராளமாக வைத்தார். அதே அரசு பின்னால் 1878இல் ஆயுதங்களைப் பறித்தது தனி வேடிக்கை. அந்த உரிமை 1860இன் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. தன் உடம்பை மட்டுமல்ல, பிறர் உடம்பைக் காக்கவும் அது இடம் தருகிறது. ஆகவே அம்மாவுக்காக மகளும், மகளுக்காக அம்மாவும் கம்பெடுக்கலாம். காவல்துறையிடம் போக அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. உயிரையே எடுத்தாலும் குற்றமாகாத சூழல்களின் பட்டியலில் வன்புணர்வும் கடத்தலும் முதலிலிருந்தே இருந்தன. அமில வீச்சு 2013இல்தான் சேர்ந்தது.